கீழ்த்தள முன்னறை

ஜூன் 9, திங்கள்

எனக்குப் போன் பார்க்கத் தெரியாது என்று இஞ்சினியர் இசக்கிராஜா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஆன்டிக்கு வாட்ஸ்அப் வராது, எதுன்னாலும் ஆல்வின் சார்கிட்டயே கேட்டுக்கலாம்" என்று மணல் லாரிக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். இது தவறு. எனக்குப் போன் பார்க்கத் தெரியும். வருகிற செய்தி ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசிக்கிறேன். பதில் எழுதுவதில்லை. தெரியாமல் இருப்பதும் செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. மேலும், நான் யாருக்கும் ஆன்டி அல்ல.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் கடிதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்பித்த சிஸ்டர் அலோய்சியா முதல் வகுப்பிலேயே சொன்னார்: விளிப்பும் கையொப்பமும் இல்லாத தாளுக்குப் பதில் எழுதுவது, தெருவில் சீட்டியடிக்கிறவனைத் திரும்பிப் பார்ப்பதற்குச் சமம். நான் இன்றுவரை திரும்பிப் பார்த்ததில்லை.

இந்தச் செய்திகளை அனுப்புவது மனிதர் அல்ல. சேது என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வீடு கட்டித் தரும் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஏற்பாடு. இஞ்சினியர் சொல்வதை மேஸ்திரிக்கும், மேஸ்திரி கேட்பதைக் கம்பிக் கடைக்கும், மெல்போர்னில் இருக்கும் என் மகன் ஆல்வினின் விருப்பத்தை எல்லாருக்கும் அதுதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இனிமேல் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தொல்லையே இல்லையாம். இஞ்சினியர் இதைப் பெருமையாகச் சொன்னார்.

உப்புக்காற்று தின்ற பழைய வீட்டை ஏப்ரலில் இடித்தாயிற்று. நிலம் என் பெயரில். கட்டும் செலவு ஆல்வினுடையது. முடியும்வரை அடுத்த தெருவில் இந்த வாடகை வீடு. புது வீட்டில் கீழ்த்தள முன்னறை எனக்கு. ஒட்டினாற்போல் குளியலறை, சுவரில் கைப்பிடி, வாசலில் படிக்குப் பதில் சரிவு. வரைபடத்தைக் காட்டி ஆல்வினே சொன்னான். என் முழங்கால்களுக்கு அது போதும்.

ஜூன் 12, வியாழன்

சேதுவிடமிருந்து மூன்று செய்திகள். "ஏ-3 ரிவிஷன் இணைப்பில். முன்பக்க ஓபனிங் எட்டு அடி. ஓகே?" என்பது அவற்றில் ஒன்று. விளிப்பு இல்லை, கையொப்பம் இல்லை. யாருக்கு ஓகே? இணைப்பைத் திறக்கவில்லை. பெயர் எழுதாத உறையை நான் பிரிப்பதில்லை.

சங்கரா மீன் நன்றாக இருந்தது. மீன்காரி சுத்தம் செய்தது சரியில்லை. திரும்பச் செய்ய வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

நிலை வைத்தார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபித்துப் போன பிறகு, மேஸ்திரி சுயம்புலிங்கம் தன் பங்குக்கு நிலைக்கு மஞ்சள் தடவி மாவிலை கட்டினார். நான் தடுக்கவில்லை. கதவு இரண்டு பேர் தயவிலும் நிற்கட்டும்.

சேதுவின் குரலை இன்றுதான் கேட்டேன். சிமெண்ட் மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மேஸ்திரி அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கி செங்கல் வண்டி காலைல வந்துரும். எறக்க ஆளு இருக்காவளா?"

"ஆளு இருக்கு. வண்டிதான் நீ சொன்ன நேரத்துக்கு வந்தபாடில்ல. போன தடவ எங்கள வெயில்ல காயப் போட்டுட்டியே, மறந்துட்டியா?"

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"பாத்தியளாம்மா," என்று மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பது வருசத்துல எங்கிட்ட மன்னிப்பு கேட்ட மொத ஆளு இதுதான். இஞ்சினியரு வாயில அந்த வார்த்த வருமா?"

நான் வந்திருப்பது தெரிந்ததும் அதே குரல் உடனே எழுத்துத் தமிழுக்கு மாறியது. "வணக்கம் மேடம். உங்களிடமிருந்து பதில் வருவதில்லை. ஏதேனும் சிரமமா?"

இஞ்சினியரிடம் ஆங்கிலம், மேஸ்திரியிடம் அண்ணாச்சி, என்னிடம் மேடம். ஆளுக்கு ஏற்றபடி நாக்கை மாற்றிக்கொள்பவர்களை எங்கள் சிஸ்டர் என்ன சொல்லி அழைப்பார் என்பதை இங்கே எழுத மாட்டேன். சிரமம் எனக்கல்ல, உனக்கு என்றேன். கடிதம் என்றால் "அன்புள்ள" என்றோ "மதிப்பிற்குரிய" என்றோ தொடங்க வேண்டும், எதிரில் இருப்பவரின் நலம் விசாரிக்க வேண்டும், பிறகே விஷயத்துக்கு வர வேண்டும், முடிவில் இன்னார் என்று கையெழுத்து இருக்க வேண்டும். நின்றபடியே பாடம் நடத்தினேன்.

"புரிந்தது மேடம். நன்றி. இனி அப்படியே எழுதுகிறேன்."

"யம்மா, நீங்க இதுக்கும் டீச்சர் ஆயிட்டிய," என்றார் மேஸ்திரி.

ஜூன் 22, ஞாயிறு

ஆல்வினிடமிருந்து கடிதம். கடிதம் என்றே சொல்ல வேண்டும்.

"அன்புள்ள அம்மா, நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நிலை வைத்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். அருகில் இல்லையே என்ற வருத்தம் எனக்கு. வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம். இப்படிக்கு, உங்கள் அன்பு மகன், ஆல்வின்."

இத்தனை வருடமாக அவன் அனுப்பியதெல்லாம் "மம்மி ஓகே?", "பணம் போட்டாச்சு", ஒரு கட்டைவிரல் படம். வயது ஏறினால் வளர்ப்பு வெளியே வரும் என்று என் கணவர் லாம்பர்ட்டிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். இருந்து பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. "அம்மா" என்று எழுதியிருக்கிறான். சிறு பிள்ளையிலிருந்து மம்மிதான். எழுதும்போது அம்மா என்பதுதான் முறை.

ஒற்றெழுத்துகூடத் தவறவில்லை. பள்ளியில் அவன் தமிழில் தேறியதே பெரும்பாடு. நீண்ட பதில் எழுதினேன். மாலை வரை ஆயிற்று.

ஜூலை 6, ஞாயிறு

மகனிடமிருந்து கடிதம். ஞாயிறு தவறுவதில்லை. இங்கே காற்று பலமாக இருக்குமே, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்கிறான். பிறகு ஒரு பத்தி கழிவுநீர்க் குழாயின் போக்கைப் பற்றி. அவனுக்கு வீட்டின்மேல் அத்தனை கவனம்.

வாடகை வீட்டுக் குழாயில் ஒழுக்கு. வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதிக் கதவிடுக்கில் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

லாம்பர்ட்டின் நினைவுத் திருப்பலி. முதல் வாசகத்தை வாசித்தவர் மூச்சு விட வேண்டிய இடத்தில் விடவில்லை.

ஆல்வின் எழுதியிருந்தான். "அப்பாவின் நினைவில் இன்று எனக்கு வேலையே ஓடவில்லை. தனியாக அமர்ந்து அழுதேன். அவரது அன்பும் வழிகாட்டுதலும் என்றும் எங்களுடன் இருக்கும்."

அப்பனும் மகனும் கடைசி வருடங்களில் பேசிக்கொள்ளவே இல்லை. அடக்கத்துக்கு வந்தவன் மூன்றாம் நாள் புறப்பட்டுவிட்டான். எனவே இதை நான் பலமுறை வாசித்தேன். கோயில் வாசலில் இரண்டு பேரிடம் காட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

மதியம் கட்டிடத்துக்குப் போனேன். கதவு ஜன்னல்களுக்கு மேலே போடும் லின்டல் மட்டம்வரை சுவர் எழும்பியிருக்கிறது. என் அறை இருக்க வேண்டிய இடத்தில் தெருப்பக்கச் சுவரையே காணோம். ஒரு லாரி நுழையும் அகலத்துக்கு இடைவெளி. உள்ளே தரையில் மூன்று இடத்தில் தண்ணீர்க் குழாய் எட்டிப் பார்க்கிறது.

"என்ன இது?"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஷட்டருக்கு விட்ட எடம்மா. நீங்கதான சம்மதம் குடுத்தியளாம்?"

"நானா? யார் சொன்னது?"

"சேதுதான் சொல்லிச்சு. வீட்டுக்காரம்மா ஓகேன்னு. நான் ரெண்டு தடவ கேட்டேம்மா. வயசானவிய, ஷட்டரத் தூக்கி எறக்குவாவளான்னு எனக்கே ஒரு மாதிரியா இருந்திச்சி."

போனை எடுக்கச் சொன்னேன். சேது பணிவாகவே பேசியது.

"மேடம், திருத்திய வரைபடத்தை ஜூன் மாதமே உங்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது இந்த வேலையின் விதி. தாமதம் வரக் கூடாது என்பதற்காக."

"நான் ஒன்றுமே சொல்லவில்லையே."

"ஆம் மேடம். அதனால்தான்."

வெயில் கடுமையாக இருந்தது. மேஸ்திரி ஒரு மூட்டையைத் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை.

"இந்த வீட்டில் எனக்கு எந்த அறை?"

"இந்த வீட்டைப் பயன்படுத்துபவர்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது இதுதான், மேடம். கீழே வாடகைக்கு ஒரு பல் மருத்துவர். மேலே, விடுமுறையில் வரும்போது, ஆல்வின் குடும்பத்தினர்."

"நான்?"

"நீங்கள் நில உரிமையாளர்."

"நான் எங்கே குடியிருப்பேன் என்று கேட்கிறேன்."

"குடியிருப்பவர்களில் உங்கள் பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை, மேடம். சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு ஆல்வினின் ஒப்புதலும் தேவைப்படும்."

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பி, "ஏல, சொவத்துக்குத் தண்ணி அடிங்கலே, காயுது பாரு," என்று சத்தம் போட்டார். சுவர் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

பல் மருத்துவர். குழாய்கள் எதற்கென்று அப்போது விளங்கிற்று.

ஜூலை 19, சனி

சேதுவுக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். பன்னிரண்டு பத்திகள். ஆரம்ப வரைபடம், ஆல்வின் கொடுத்த வாக்கு, மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதன் அநாகரிகம், குளியலறைக் கதவின் அகலம், கைப்பிடி, சரிவு எல்லாவற்றையும் குறிப்பிட்டேன். ஒரு வார்த்தையும் கூடுதல் இல்லை.

மாலையில் அது என் கடிதத்தைச் சுருக்கி எல்லாருக்கும் அனுப்பியது. எனக்கும் ஒரு பிரதி வந்தது.

"நில உரிமையாளர் முன்னறை குறித்து வருத்தம் தெரிவித்துள்ளார். உடனடி நடவடிக்கை தேவையில்லை. மேஸ்திரி கவனத்துக்கு: அவர் வரும்போது உட்கார நாற்காலி போடவும்."

ஜூலை 20, ஞாயிறு

ஞாயிற்றுக் கடிதம் வழக்கம்போல் வந்தது. முழங்கால், காற்று, வெயில். முன்னறையைப் பற்றி ஒன்றுமில்லை.

நானே போன் போட்டேன். மூன்றாம் முறை எடுத்தான். பின்னால் பிள்ளைகள் கூரை போட்ட நீச்சல்குளத்தில் கத்தும் சத்தம்.

"மம்மி, என்ன திடீர்னு? எதுவும் அவசரமா?"

"முன்னறையில ஷட்டர் வச்சிருக்காங்க, ஆல்வின்."

"அது... சேது உங்ககிட்ட சொல்லலையா? எல்லாம் அதுகிட்ட சொல்லியிருக்கேனே."

"நீ என்கிட்ட சொல்லலை."

"மம்மி, பிளீஸ். தனியா எவ்ளோ நாள் இருக்க முடியும்? விழுந்து கிழுந்து வச்சா யாரு ஓடி வருவா? சிஸ்டர்ஸ் நடத்துற ஹோம்ல இடம் சொல்லி வச்சிருக்கு. தெனமும் பூசை, டாக்டர், எல்லாம் அங்கயே. உங்களுக்குப் புடிக்கிற டிசிப்ளின். வீட்ட சும்மா பூட்டி வைக்கிறதுக்கு வாடகை வந்தா அந்தச் செலவுக்கே ஆச்சு."

"எப்போ முடிவு பண்ணின?"

"முடிவுன்னு இல்ல. பிளான் பண்ணும்போதே. பேசலாம்னுதான் இருந்தேன்."

அப்பாவின் நினைவு நாளில் அழுதேன் என்று எழுதியிருந்தாயே, நன்றாக எழுதியிருந்தாய் என்றேன்.

"எப்ப எழுதினேன்?"

போன ஞாயிறு என்றேன்.

"ஆங், ஆமா மம்மி. எழுதினேன். சரி, புள்ளைங்க கூப்புடுதுங்க. நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க, என்ன வேணும்னாலும் சேதுகிட்ட சொல்லுங்க, ஓகேவா?"

இணைப்பு தெளிவாக இல்லை. ஆஸ்திரேலியா தொலைவு. காதில் சரியாக விழாமல் அப்படிக் கேட்டிருப்பான்.

ஜூலை 21, திங்கள்

சட்டைத் துணிகளுக்கு நீலம் போட்டேன். வீட்டில் ஆண் சட்டை இல்லை என்பது நீலம் கரைத்த பிறகு நினைவு வந்தது. தலையணை உறைகளுக்குப் போட்டேன்.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் நின்றால் கால் தாங்காது என்று போகவில்லை. இது ஆல்வினின் கருத்தல்ல, என்னுடையது.

ஆகஸ்ட் 6, புதன்

திருவிழா முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சேதுவிடமிருந்து வந்தது:

"மதிப்பிற்குரிய மேடம், நலமா? திருவிழா சிறப்பாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். வரும் திங்கட்கிழமை மேல்தளம் கான்கிரீட் போட உள்ளோம். தங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன். இப்படிக்கு, சேது."

குறை சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நலம் விசாரிக்கும் வரி இரண்டிலும் ஒரே இடத்தில் வருகிறது. முப்பது வருடம் கடிதப் பிரிவில் இருந்தவளுக்கு ஒரே கை தட்டச்சு செய்த இரண்டு கடிதங்கள் தெரியாமல் போகாது. தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறேன்.

அதனிடம் பேசினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஞாயிறுதோறும் என் மகன் பெயரில் வருவதை யார் எழுதுகிறார்கள்?"

"நான் எழுதுகிறேன், மேடம். அவர் பெயரில் அனுப்ப அவரே அனுமதி தந்திருக்கிறார்."

"அவன் வாசிப்பானா?"

"தொடக்கத்தில் வாசித்தார்."

"என்ன எழுத வேண்டும் என்று அவன் சொல்வானா?"

"ஒரு முறை சொன்னார். நிலை வைத்த வாரம். உங்களிடமிருந்து பதில் வராததால் வேலை தடைபடலாம் என்று அவரிடம் தெரிவித்தேன். அப்போது சொன்னார்."

"அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்."

"'மம்மிய நீ பாத்துக்கோ' என்றார், மேடம்."

பிறகு அரிசி களைந்தேன். மத்தியானத்துக்கு ரசம் போதும் என்று இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சேதுவுக்கு முதல்முறையாக, விளிப்பு இல்லாமல், ஒரே வரி: "தளம் போட எனக்குச் சம்மதம் இல்லை."

மறுப்பு வந்தால் வேலை நிற்கும் என்பதும் அதன் விதிதான். அரை மணியில் கலவை மெஷின்காரர், கம்பி கட்டுபவர்கள், ஜல்லி லாரி எல்லாருக்கும் வர வேண்டாம் என்று செய்தி போய்விட்டதாம். என் பன்னிரண்டு பத்திகளுக்கு நடவடிக்கை தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"யம்மா, இன்னைக்கித் தளம் போட்டிருக்கணும். பதினாலு பேரு பாதில நிக்கான். இஞ்சினியர் எங்கிட்ட கத்துதாரு. அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்ல, மகனுக்கே எடஞ்சல் பண்ணுதாவன்னு."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"நான் என்னத்த நெனைக்க? எம் பொழப்பு செங்கலு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. நீங்க மொதல்லயே அந்த எழவுக்கு 'வேண்டாம்'னு ஒத்த வார்த்த போட்டிருந்தா, நான் அந்தச் சொவத்த அன்னைக்கே கட்டியிருப்பேன். இப்ப லின்டல் ஏத்தியாச்சி."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிழை இல்லை.

"இப்போது அந்த இடத்தில் சுவர் எழுப்ப முடியுமா?"

"முடியாம என்ன? லின்டலுக்குக் கீழ அடச்சு ஜன்னல் வைக்கலாம். ரெண்டு நா வேல. யார் சொல்லணுமோ அவிய சொல்லணும்."

"ஆல்வின் சொல்ல வேண்டும்."

"ஏன், நெலம் ஒங்க பேர்லதான இருக்கு? நீங்களே சொன்னா என்ன?"

காபி கொடுத்தேன். நான் உத்தரவிட்டுச் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். அதற்குள்ளே யாருடைய தாயாக உட்கார்ந்திருப்பது என்பதை மேஸ்திரியிடம் கேட்க முடியாது. ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போய்விடாமல் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். "பாக்குதேம்மா," என்றார். பொறுப்பார் என்று நம்புவதற்கு அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை தபால் நிலையத்துக்கு நடந்தே போனேன். வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். ஆல்வினுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இது:

"ஆல்வின்,

உன் அப்பாவுக்காக நீ அழவில்லை என்று எனக்குத் தெரியும். அழுதிருக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அழுததாக எனக்கு எழுதி அனுப்பியிருக்கக் கூடாது. அதைக் கோயில் வாசலில் காட்டினேன்.

தளம் போட நான் சம்மதிக்கவில்லை. புத்தி சரியில்லாததால் அல்ல. ஹோமில் இருக்க எனக்கு வெட்கம் இல்லை. என்னை அங்கே அனுப்ப வேண்டும் என்று நீ நினைத்தால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் வாதிட்டிருப்பேன். ஒருவேளை போயிருப்பேன். நீ எனக்கு வாதிடக்கூட இடம் வைக்கவில்லை.

முன்னறைச் சுவரை இரண்டு நாளில் கட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். நீ வேண்டாம் என்றால் ஷட்டர் அப்படியே இருக்கட்டும், நானே தளத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டுகிறேன். எதுவானாலும் உன் வாயிலிருந்து வர வேண்டும்.

இதை யாரிடமும் கொடுத்துப் பதில் எழுதச் சொல்லாதே. பிழையோடு எழுது, பரவாயில்லை.

புது வீட்டில் நான் குடியிருக்கப் போகிறேனா, இல்லையா? எழுத்தில் பதில் அனுப்பு.

மம்மி"